டாக்கிங் வரவே மாட்டேன் என்கிறது: கிட்டே போகப் போக ஸ்டேஷன் நழுவுகிறது, எங்கே தப்பு?

நாகலூர்_மிளகுக்கொடி எழுதியது:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு, சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்கிற ராக்கெட் விடுகிற கம்ப்யூட்டர் கேமை ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. மன் நிலாவில் இறங்கி ஆளைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், இன்னொரு நிலாவான மின்மஸுக்கும் போயாகிவிட்டது, ஆனால் டாக்கிங், அதாவது சுற்றுப்பாதையில் இரண்டு கப்பலைச் சேர்த்துப் பூட்டுவது மட்டும் மூன்று வாரமாகக் கைக்கு வரவில்லை. தினமும் இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, படிப்பையும் முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்காருகிறேன். உட்கார்ந்த அன்றெல்லாம் இதே கதைதான்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். விண்வெளி ஸ்டேஷனின் முதல் துண்டு 100 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ராக்கெட்டையும் அதே 100 கி.மீ.க்கு ஏற்றி, தட்டித் தடவி 4 கி.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டேஷன் எனக்கு முன்னால் போகிறது. அதைப் பார்த்து மூக்கைத் திருப்பி எஞ்சினைக் கொடுத்தேன். தூரம் 3.5, 3, 2.5 என்று குறைந்தது. அப்புறம் பார்த்தால் ஸ்டேஷன் எனக்குக் கீழே இறங்கி முன்னால் ஓடுகிறது, தூரம் ஏறுகிறது. மறுபடி அதைப் பார்த்துத் திருப்பினேன், மறுபடி கொடுத்தேன். இப்படியே விரட்டி விரட்டிக் கடைசியில் 19 கி.மீ. தள்ளி நின்றேன்.

இன்னொரு தடவை 60 மீட்டர் வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஆர்சிஎஸ் (கப்பலைத் தள்ளுகிற சின்ன உந்திகள்) போட்டு இடதுபக்கம் தள்ளினால் கப்பல் நகராமல் மூக்கு திரும்புகிறது. அதைச் சரிசெய்தால் வேறு பக்கம் போகிறது. அதற்குள் அந்த உந்திகளுக்கான எரிபொருள் மோனோப்ரொப்பலண்ட் தீர்ந்துபோய்விட்டது. 60 மீட்டரில் சோலார் பலகையின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது, அதில் கீழே இருக்கிற கடலின் நீலம் அடித்தது, நான் ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்தில் மிதந்தபடியே கடந்து போனேன். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் நாடு கட்டப்போகிற பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன் ஐந்து துண்டாக வரும், முதல் துண்டு 2028-இல், முழுசாக 2035-இல் என்று திட்டம் சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, அதே மாதிரி ஐந்து துண்டை நானும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று ஆசை. நேராகக் குறிபார்த்துக் கொடுத்தும் ஏன் விலகுகிறது? ஆர்சிஎஸ் ஏன் மூக்கைத் திருப்புகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_ஆர்பிட் எழுதியது:

தங்கச்சி, மன் வரைக்கும் போய்வந்த கைக்கு டாக்கிங் வராமல் போகாது. நேராகப் போனால் சேரும் என்று நினைத்ததுதான் தப்பு, வேறொன்றும் இல்லை.

நீங்கள் ஏற்காட்டுக்காரர், லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரியில் பார்த்திருப்பீர்கள். சேலம் முழுக்கக் காலடியில் விளக்குப் போட்டுக் கிடக்கும், கை நீட்டினால் எட்டும்போல இருக்கும். அதற்காக அங்கிருந்து நேராக இறங்க முடியாது, இருபது வளைவும் சுற்றித்தான் அடிவாரம் வர வேண்டும். சுற்றுப்பாதையும் அந்த மாதிரிதான், கண்ணுக்கு நேராகத் தெரிகிற வழி போகிற வழியாக இருக்காது. முன்னால் போகிற ஸ்டேஷனைப் பார்த்து எஞ்சினைக் கொடுக்கும்போது உங்கள் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் பாதையின் மறுபக்கம் உயருகிறது, பாதை பெரிதாகிறது, ஒரு சுற்றுக்கு ஆகிற நேரமும் நீளுகிறது. ஆக நீங்கள் மேலே போய்ப் பின்தங்குகிறீர்கள், ஸ்டேஷன் கீழே முன்னால் போகிற மாதிரி தெரிகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

முன்னால் போகிறதைப் பிடிக்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். கோயிலில் உள்பிரகாரம் சுற்றுகிறவர் வெளிப்பிரகாரம் சுற்றுகிறவரை முந்திவிடுவார், அவருக்குச் சுற்று சின்னது. சுற்றுப்பாதையில் அதோடு இன்னொரு லாபமும் சேருகிறது, உள்ளே இருக்கிறவர் நடையும் வேகம். கணக்கைப் பாருங்கள்: கேமில் நம் பூமி மாதிரி இருக்கிற கெர்பினைச் சுற்றி 100 கி.மீ. உயரத்தில் வேகம் வினாடிக்குச் சுமார் 2246 மீட்டர், ஒரு சுற்றுக்கு 1958 வினாடி. 80 கி.மீ. உயரத்தில் வேகம் 2279, ஒரு சுற்றுக்கு 1875 வினாடி. ஒவ்வொரு சுற்றுக்கும் 83 வினாடி மிச்சம். தூரமாகச் சொன்னால் ஒரு சுற்றுக்கு 185 கி.மீ.க்கு மேல் ஸ்டேஷனை நெருங்குகிறீர்கள், அதுவும் சொட்டு எரிபொருள் செலவில்லாமல், டைம் வார்ப்பில் (நேரத்தை வேகமாக ஓட்டிவிட்டு) உட்கார்ந்தபடியே.

அதனால் இனிமேல் இரண்டாவது ராக்கெட்டை 100-க்கு ஏற்ற வேண்டாம், 80-இல் நிறுத்துங்கள். வளிமண்டலம் 70 கி.மீ.யோடு முடிந்துவிடும், பயமில்லை. மேப்பில் ஸ்டேஷனை டார்கெட் வைத்து, இரண்டு பாதையும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வு இருந்தால் அதை, இரண்டு தளமும் வெட்டுகிற ஏஎன் அல்லது டிஎன் புள்ளியில் வைத்து முதலில் சரிசெய்துவிடுங்கள், இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் கஷ்டப்படுகிறார்கள். அப்புறம் ஒரு மேன்யூவர் நோட் (எஞ்சினை எங்கே, எவ்வளவு கொடுப்பது என்ற திட்டக் குறி) போட்டு ப்ரோகிரேட்டை, அதாவது போகிற திசைக் குறியை இழுத்து 100 கி.மீ.யைத் தொட வையுங்கள். வினாடிக்கு 16, 17 மீட்டர்தான் செலவாகும். அந்த நோட்டைப் பாதையில் முன்னும் பின்னும் நகர்த்தினால், நெருங்குகிற இடத்தில் ஸ்டேஷன் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று மேப்பே காட்டும். 2 கி.மீ.க்குள் வருகிற வரைக்கும் நகர்த்துங்கள். இந்தச் சுற்றில் வரவில்லையென்றால் அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று, அவசரமே இல்லை.

நெருங்கியதும் நேவ்பால் (திசை காட்டுகிற உருண்டை) மேலே இருக்கிற வேகத்தைத் தட்டி டார்கெட் முறைக்கு மாற்றுங்கள். இனிமேல் அங்கே தெரிவது ஸ்டேஷனைப் பொறுத்த உங்கள் வேகம். வினாடிக்குச் சுமார் 16 மீட்டர் என்று காட்டும், உலகத்தைப் பொறுத்து 2200 மீட்டரில் ஓடுகிற இரண்டு பேருக்கு நடுவில் வித்தியாசம் அவ்வளவுதான். ரெட்ரோகிரேட்டை, அதாவது போகிற திசைக்கு நேர் எதிரைப் பிடித்து அந்த வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள். இதுதான் முக்கியம். பூஜ்யம் ஆக்கிய பிறகு இரண்டு பேரும் ஒரே பாதையில் இருக்கிறீர்கள், கொஞ்ச நேரத்துக்கு நேர்வழியும் வேலை செய்யும். அப்போது ஸ்டேஷனைப் பார்த்து வினாடிக்கு 5 மீட்டர் கொடுங்கள், 10 வேண்டாம். நேவ்பாலில் பிங்க் குறி ஸ்டேஷன் இருக்கிற திசை, மஞ்சள்பச்சைக் குறி நீங்கள் உண்மையில் போகிற திசை. பச்சை எப்போதும் பிங்க்கின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். விலகினால், எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் பச்சை நகரும் என்பதை மட்டும் நினைவில் வைத்து அதைப் பிங்க் மேல் கொண்டுவாருங்கள். கண்ணாடி வழியாகத் தெரிகிற காட்சியை நம்பாதீர்கள், உருண்டையை நம்புங்கள்.

கன்னங்குறிச்சி_வால்வுரேடியோ எழுதியது:

கண்ணு, நீ செய்த தப்பை உனக்கு முன்னாலேயே ஒரு பெரிய ஆள் செய்திருக்கிறார். 1965 ஜூனில் ஜெமினி 4 கப்பலில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றிவிட்ட டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பக்கத்தில் மிதப்பதைப் பார்த்து, அதை நோக்கிக் கப்பலைத் திருப்பி உந்தினார். உந்த உந்த அது விலகியது. எரிபொருள் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று முயற்சியை விட்டுவிட்டார்கள். சண்டை விமானம் ஓட்டிய அனுபவம் உள்ள மனிதர், வானத்தில் எதிரே தெரிவதை நோக்கிப் போய்ப் பழகிய கை. அந்தப் பழக்கம் சுற்றுப்பாதையில் செல்லவில்லை. அதே வருடம் டிசம்பர் 15-ஆம் தேதி ஜெமினி 6ஏ, ஜெமினி 7-க்கு ஒரு அடி பக்கத்தில் போய் நின்றது. கீழேயிருந்து ஏறிப் பிடிக்கிற அதே முறைதான், ஐந்துரோடு தம்பி சொன்னது. 1966 மார்ச் 16-இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஆளில்லாத அஜீனா கப்பலோடு முதல் டாக்கிங்கைச் செய்தார்கள். பின்னால் நிலவுக்குப் போன பஸ் ஆல்ட்ரின் 1963-இல் எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கியதே இந்த விஷயத்தில்தான், அதாவது சுற்றுப்பாதையில் இன்னொரு கப்பலைக் கண்ணால் பார்த்துப் போய்ச் சேருவது எப்படி என்பதில். முனைவர் பட்டத்துக்கு உரிய கணக்கு இது, மூன்று வாரம் ஆனதென்று மனம் விடாதே.

நம் இஸ்ரோவின் டாக்கிங் சோதனையான ஸ்பேடெக்ஸைப் பார். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி பிஎஸ்எல்வி சி60-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. ஒவ்வொன்றும் 220 கிலோ அளவில் இரண்டு செயற்கைக்கோள், 475 கி.மீ. உயரம். கிட்டே வந்த விதத்தைக் கவனி: 5 கி.மீ.யில் ஒரு நிறுத்தம், 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. ஜனவரி 12-ஆம் தேதி 15 மீட்டருக்கு வந்து, 3 மீட்டர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். 3 மீட்டர்! இங்கே நம் வீட்டுத் திண்ணையிலிருந்து வாசல் கேட் தூரம். அவ்வளவு கிட்டே போயும் பின்வாங்கினார்கள், நான்கு நாள் கழித்து 16-ஆம் தேதிதான் பூட்டினார்கள். கடைசியில் முட்டிய வேகம் வினாடிக்கு 10 மில்லிமீட்டர் அளவில். அன்று காலையில் செய்தியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்கிங் செய்த நாடுகள் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, அப்புறம் நாம்.

நீயும் அதேபோல நிறுத்தம் வைத்துக்கொள். 500 மீட்டரில் வேகத்தைப் பூஜ்யமாக்கு, 200-இல் பூஜ்யமாக்கு, 50-இல் பூஜ்யமாக்கு. அப்போதுதான் 60 மீட்டரில் கடந்து போகமாட்டாய்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், இந்த கேமை என் மகன் பழக்கிவிட்டான், இப்போது அவனைவிட நான்தான் அதிகம் ஆடுகிறேன். பெரிய கணக்கெல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள், நான் கடைசி 50 மீட்டரை மட்டும் சொல்கிறேன்.

கொலுசின் இரண்டு முனையையும் சேர்க்கிற திருகு இருக்கிறதே, அது மிளகு அளவுகூட இருக்காது. புதுசாக வேலைக்கு வருகிற பையன்கள் அதை முனையில் வைத்தவுடன் அழுத்தித் திருகுவார்கள். சாய்வாகப் பிடித்துவிட்டால் மரை போய்விடும், அந்த முனையையே மாற்ற வேண்டும். கை தேர்ந்தவர் முதலில் இரண்டு முனையையும் ஒரே கோட்டில் பிடிப்பார், திருகை வைத்து அரைச் சுற்று பின்பக்கமாகத் திருப்புவார், மரை உட்காருவது விரலுக்குத் தெரியும், அப்புறம்தான் முன்பக்கமாகத் திருகுவார். டாக்கிங்கிலும் முதலில் நேர்கோடு, தள்ளுவது அதற்குப் பிறகு.

அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. 50 மீட்டரில் இரண்டும் அசையாமல் நிற்கும்போது, உங்கள் கப்பலின் டாக்கிங் போர்ட்டை (சேர்ந்து பூட்டுகிற முனை) ரைட் கிளிக் செய்து 'இங்கிருந்து கட்டுப்படுத்து' என்பதைக் கொடுங்கள். ஸ்டேஷனின் போர்ட்டை ரைட் கிளிக் செய்து அதையே டார்கெட் ஆக்குங்கள், மொத்த ஸ்டேஷனை டார்கெட் வைத்தால் அதன் நடுவைத்தான் காட்டும். எஸ்ஏஎஸ்ஸில் (மூக்கை ஒரே திசையில் பிடித்து வைக்கிற வசதி) டார்கெட் பிடிப்பைப் போடுங்கள். அப்புறம் சதுர அடைப்புக்குறி விசையை அழுத்தி ஸ்டேஷனுக்குத் தாவி, அங்கேயும் இதே வேலை: அதன் போர்ட்டிலிருந்து கட்டுப்பாடு, உங்கள் கப்பலின் போர்ட் டார்கெட், டார்கெட் பிடிப்பு. இப்போது இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கும். நீங்கள் சுற்றி வளைந்து போகவே வேண்டாம், ஸ்டேஷன் தானாக உங்கள் பக்கம் திரும்பிக் கொடுக்கும். கேரியர் முறையில் ஆடினால் டார்கெட் பிடிப்பு மூன்றாம் நிலை விமானிக்குத்தான் கிடைக்கும், எல்லாம் திறந்திருக்கிற சாண்ட்பாக்ஸ் முறையில் அந்தக் கவலை இல்லை.

பிறகு கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு, முன்னால் தள்ளுகிற ஹெச் விசையை ஒரே ஒரு தட்டு. வினாடிக்கு 0.3 மீட்டர் போதும், கடைசி 5 மீட்டரில் 0.2. கையை எடுத்துவிடுங்கள். பச்சை கொஞ்சம் நகர்ந்தால் ஐ, ஜே, கே, எல் விசையில் ஒரு தட்டு. கிட்டே போனதும் காந்தம் இழுக்கும், அந்த நேரத்தில் எஸ்ஏஎஸ்ஸை அணைத்துவிட்டால் இரண்டு போர்ட்டும் தாமாக ஒழுங்காகி உட்கார்ந்துகொள்ளும்.

சூரமங்கலம்_சிக்னல் எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கப்பலைத் தானாக ஓட்டுகிற மெக்ஜெப் போட்டால் அதுவே சந்திப்பையும் டாக்கிங்கையும் செய்து கொடுத்துவிடும். நிஜத்திலும் ரஷ்யர்கள் ஆரம்பத்திலிருந்தே தானியங்கியைத்தான் நம்பினார்கள், காஸ்மோஸ் 186-உம் 188-உம் 1967 அக்டோபர் 30-இல் ஆளே இல்லாமல் சேர்ந்தன. ஸ்பேடெக்ஸும் தானாகச் செய்ததுதான். கையால் செய்து என்ன ஆனது என்பதற்கு மீர் ஸ்டேஷன் சாட்சி. 1997 ஜூன் 25-இல் புரோகிரஸ் எம்-34 சரக்குக் கப்பலைக் கையால் ஓட்டிக் கொண்டுவந்தபோது அது ஸ்பெக்ட்ர் பகுதியில் மோதி, காற்று கசிந்து, அந்தப் பகுதியையே மூட வேண்டியதாகிவிட்டது. ஐந்து துண்டு ஸ்டேஷன் என்றால் கையால் ஐந்து முறை இப்படி மெனக்கெடுவது நேரத்துக்குக் கேடு.

ஐந்துரோடு_ஆர்பிட் எழுதியது:

சிக்னல் அண்ணா, பத்துத் துண்டு சேர்த்தவருக்கு மெக்ஜெப் சரி, நானே பதினோராவதுக்கு அதைத்தான் போடுவேன். ஆனால் இந்தத் தங்கச்சி 60 மீட்டர் வரைக்கும் போய்விட்டார், அந்த 60-ஐயும் அவர் கையாலேயே கடக்கட்டும். அதோடு ஆர்சிஎஸ் தப்பான இடத்தில் இருந்தால் மெக்ஜெப்பும் மோனோப்ரொப்பலண்டைக் குடித்துத் தீர்த்துவிடும். அதை இப்போது சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் ஆர்சிஎஸ் கட்டைகள் மூக்குப் பக்கம் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் தாழ்ப்பாள் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நிறைமையத்திலிருந்து தள்ளி ஒரே பக்கம் உந்தினால் கப்பல் திரும்பத்தான் செய்யும். கட்டுகிற கூடத்தில் கீழே இடது மூலையில் நிறைமையம் காட்டுகிற பொத்தான் இருக்கிறது, மஞ்சளும் கறுப்புமாக உருண்டை தெரியும். அதற்கு மேலே நான்கு, கீழே நான்கு, இரண்டும் உருண்டையிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். இங்கே ஒரு விஷயத்தை எல்லோரும் தவறவிடுகிறார்கள்: கூடத்தில் தொட்டி நிரம்பியிருக்கும், ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருகிறபோது முக்கால்வாசி காலி. நிறைமையம் அதற்குள் நகர்ந்துவிடும். அதனால் ஏற்றிவிடுகிற கட்டங்களையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தொட்டியின் எரிபொருள் அளவையும் ரைட் கிளிக்கில் குறைத்து, டாக்கிங் நேரத்தில் கப்பல் எப்படி இருக்குமோ அப்படி வைத்து உருண்டையைப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஸ்டேஷன் கட்டுவது பற்றி உங்கள் ஆசைக்காக இரண்டு வார்த்தை. நடுத்தண்டுக்கு 2.5 மீட்டர் பெரிய போர்ட்டையே போடுங்கள், சின்னப் போர்ட்டில் கனமான துண்டைத் தொங்கவிட்டால் ஸ்டேஷன் திரும்பும்போது முருங்கைக் கிளை மாதிரி ஆடும். பெரியது பெரியதோடும் சின்னது சின்னதோடும்தான் சேரும், ஏற்றுவதற்கு முன்னால் இதை ஒருமுறை சரிபாருங்கள், நான் ஒரு முழு எரிபொருள் தொட்டியை மேலே கொண்டுபோய்விட்டு அளவு பொருந்தாமல் நின்றிருக்கிறேன். துண்டைத் தள்ளிக்கொண்டு வருகிற எஞ்சின் பகுதிக்கும் தனியாக ஒரு போர்ட் வைத்தால், சேர்த்துவிட்டு அதைக் கழற்றி எடுத்துவிடலாம். ஸ்டேஷனில் தேவையில்லாத எடை நிற்காது, பாகங்களின் எண்ணிக்கையும் குறையும். லேப்டாப்பில் ஆடுவதால் இது உங்களுக்கு ரொம்ப அவசியம். சோலார் பலகை கோணலாக நிற்குமே என்று கவலைப்பட வேண்டாம், 1.12 பதிப்பிலிருந்து சேர்ந்த பிறகும் போர்ட்டைத் திருப்பிக்கொள்ளலாம்.

நாகலூர்_மிளகுக்கொடி எழுதியது:

சேர்ந்துவிட்டது! சேர்ந்துவிட்டது!!

நேற்று சாயங்காலத்திலிருந்து இங்கே மழை, இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. லேப்டாப்பில் சார்ஜ் 40 சதவீதம் இருந்தபோது தொடங்கினேன். ஐந்துரோடு அண்ணா சொன்னபடி கப்பலைக் காலித் தொட்டியோடு வைத்துப் பார்த்தேன், உருண்டை நான் நினைத்த இடத்துக்கு ரொம்பக் கீழே இருந்தது. ஆர்சிஎஸ்ஸை மாற்றினேன். 80 கி.மீ.யில் நிறுத்தி ஐந்து சுற்றுக் காத்திருந்தேன். தூரம் ஒவ்வொரு சுற்றுக்கும் நூற்று எண்பத்துச் சொச்சம் குறைந்துகொண்டே வந்ததை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அண்ணா போட்ட கணக்கு அப்படியே இருந்தது. நெருங்கிய இடம் 0.9 கி.மீ. டார்கெட் வேகம் 16.4 காட்டியது, பூஜ்யமாக்கினேன்.

500, 200, 50 மூன்றிலும் நின்றேன். ரேடியோ ஐயா, 50 மீட்டரில் பச்சை கொஞ்சம் நகர்ந்திருந்ததால் முன்னே போகாமல் 70-க்குப் பின்வாங்கி மறுபடி வந்தேன், ஸ்பேடெக்ஸ் 3 மீட்டரிலிருந்து திரும்பியது நினைவில் இருந்ததால்தான் அந்தப் பொறுமை வந்தது. கொலுசு அண்ணா சொன்னபடி ஸ்டேஷனுக்குத் தாவி அதைத் திருப்பியபோது, அவ்வளவு பெரிய உடம்பு மெதுவாக என் பக்கம் முகம் திரும்பியது, அதைப் பார்க்கவே மூன்று வாரம் காத்திருக்கலாம் போல இருந்தது. 0.2-இல் விட்டுவிட்டு விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மீட்டருக்கும் கீழே வந்ததும் எஸ்ஏஎஸ்ஸை அணைத்தேன். கப்பல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, காந்தம் இழுத்தது, ஒரு ஆட்டம் ஆடி நின்றது, பார்த்தால் இரண்டு பெயர் ஒரே பெயராகிவிட்டது. மோனோப்ரொப்பலண்டில் பாதிக்கு மேல் மிச்சம்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிக் காட்டினேன். எஸ்டேட்டுக்கு ஆறு மணிக்கே போக வேண்டியவர், கோபப்படாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எது நீ ஓட்டியது, எது ஏற்கெனவே இருந்தது என்று கேட்டார். ஸ்டேஷனுக்குச் சேர்வராயன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சிக்னல் அண்ணா, ஐந்தாவது துண்டு வரைக்கும் கையாலேயே செய்கிறேன், ஆறாவது ஒன்று வந்தால் மெக்ஜெப் போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அடுத்தது எரிபொருள் தொட்டி, பெரிய போர்ட் இரண்டு பக்கமும் போட்டாயிற்று. சனிக்கிழமை காலேஜ் இல்லை, அன்றைக்கு ஏற்றுகிறேன்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

ரொம்ப சந்தோஷம் கண்ணு. தொட்டியை ஏற்றுவதற்கு முன்னால் எஃப்5 போட்டு கேமைச் சேமித்து வைத்துக்கொள். கனமான துண்டு வந்து சேரும்போது முன்னால் இருக்கிற சோலார் பலகையை மடக்கிவிடு, நேற்று என் மகன் அதில் ஒன்றை உடைத்துவிட்டான்.